கிணற்றடி ஆரஞ்சு மரங்கள்

அன்பு மகள் சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், எழுந்தாலும் உட்கார்ந்தாலும் எனக்கு அதே நினைப்புதான். பேரன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டான் என்றாயே, இனிமேல் கட்டிலில் தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதே, தரையிலேயே விரிப்பைப் போட்டு விடு, விழுந்தாலும் பயமில்லை.

போனில் நீ இரண்டு விஷயம் கேட்டாய். நம் பின்கட்டில் குடியிருந்த தையல்காரப் பெண் ஏன் காலி செய்தாள், அப்பா ஏன் பேச வருவதே இல்லை என்று. அப்பா பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததால் ஏதோ மழுப்பினேன். இரண்டுக்கும் பதில் ஒன்றுதானடி. நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறாய் என்று தெரிந்ததிலிருந்தே உன் அப்பாவுக்குக் கிணற்றடி ஆரஞ்சு மரங்கள் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. "என் பேரன் வாய்க்கு மொதப் பழச்சாறு நம்ம மரத்துதுதான்" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்வார். உரக்கடைக்காரர் மரத்துக்கு ஒரு கைப்பிடி, அதுவும் எப்போதாவது போட்டால் போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார். இவர் கேட்கிற ஆளா? ஆயுசு முழுக்க பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், "டீசல் ஊத்தினாத்தானே வண்டி இழுக்கும்" என்று தண்ணீர் விடும்போதெல்லாம் அந்த வெள்ளை உரக் குருணையை வாரி வாரிக் கொட்டினார். இலையெல்லாம் கரும்பச்சையாக மின்னியது, பார்க்க எனக்கும் பூரிப்பாகத்தான் இருந்தது. பிறகு இலை ஓரம் கருக ஆரம்பித்தது. சத்துப் போதவில்லை என்று இன்னும் கொட்டினார். வெறுங்கையால் அள்ளி அள்ளி விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது, மருந்து தடவச் சொன்னால் "கிரீஸுல ஊறின கை இது, போடி" என்பார். மழை பெய்தால் முற்றத்தில் நெளிகிற மண்புழுவைக் காணோம், துவைக்கிற தொட்டியில் என்ன தேய்த்தாலும் மறுபடி மறுபடி பச்சைப் பாசி. எல்லாம் கண்முன்னால்தான் நடந்தது, ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டுப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை.

தையல்காரப் பெண்ணின் குழந்தையை நீ பார்த்ததில்லை. உன் பிள்ளையைவிடக் கொஞ்சம் இளையவள், கன்னத்தில் மச்சம் இருப்பதால் பொட்டு என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். தாய்ப்பால் போதாமல் மாவுப் பாலை நம் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவந்தாள். ஒரு நாள் மத்தியானம், ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் பாதியில் நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலறிக்கொண்டே வந்தாள். பொட்டுவின் உதடும் நகமும் மை தடவினதுபோல நீலம். அழக்கூட அதற்குத் தெம்பில்லை. அப்பாதான் செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடி டாக்சியைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் காப்பி நிறத்தில் இருந்தது. டாக்டரம்மா என்ன தண்ணீரில் பால் கரைக்கிறாய் என்று கேட்டதும், "நல்லாக் கொதிக்க வச்சு ஆறவச்சுத்தானேம்மா குடுத்தேன்" என்று அந்தப் பெண் தேம்பினாள். டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டு, "கிருமின்னா கொதிக்க வச்சா செத்துடும்மா, உரத்தோட உப்பு அப்படிப் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும், பெரியவங்க உடம்பு தாங்கிக்கும், கைக்குழந்தை ரத்தம் தாங்காது" என்று சொல்லிவிட்டு, கிணற்றுப் பக்கம் யாராவது உரம் போடுகிறீர்களா என்று கேட்டார். சுவரோரம் நின்றிருந்த உன் அப்பா, வகுப்பில் பையன் கை தூக்குவானே, அப்படிக் கையைத் தூக்கினார். "நான்தாம்மா போட்டேன்." அந்தப் பெண் திரும்பி அவரைப் பார்த்தாள். ஏதாவது திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஊசி ஏற்றினார்கள், ஆண்டவன் புண்ணியத்தில் குழந்தை பிழைத்துவிட்டது. தண்ணீரைச் சோதித்ததில் டாக்டரம்மா சொன்னதே சரியாகப் போயிற்று. லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் வந்ததும் சாமானை எல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டார். தையல் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடிக்க அப்பா போனார், "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று அந்த மனிதர் அப்பாவின் கையை விலக்கிவிட்டார். தண்ணீர் சோதிக்க வந்தவரிடம், கிணற்றை ஒட்ட இறைத்துவிட்டால் சரியாகாதா என்று அப்பா கெஞ்சாத குறையாகக் கேட்டார். "மண்ணுல ஊறிப்போச்சுங்க, இறைக்க இறைக்க அதுதான் ஊறி வரும், எப்பத் தெளியும்னு இப்பச் சொல்ல முடியாது" என்று அவர் போய்விட்டார். மீதி மூட்டையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. கிணற்றுக்கு மூடி போட்டாயிற்று. எங்களுக்குத் தெருக்குழாய்த் தண்ணீர்தான்.

போன வாரம் அவர்கள் புது வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து அப்பா போயிருக்கிறார். அந்தப் பெண் வாசலிலேயே நின்று, "பொட்டு நல்லா இருக்காய்யா, உள்ள வராதீங்க, அவர் இருக்கார்" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். உள்ளே குழந்தை கத்துகிற சத்தம் கேட்டது, நல்ல கணீரென்று இருந்தது என்று அதையே என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான், "அவளை இந்தத் தடவை வர வேண்டாம்னு எழுதிடு, என் வாயால சொல்ல வராது" என்றார். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தால் போச்சு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். குழாயும் இதே மண்ணுக்குள்தானே வருகிறது, அதையும் சோதித்து ஆள் வந்து சொல்லட்டும் என்கிறார். பிள்ளை பெற்றவளைப் பிறந்த வீட்டுக்கு வராதே என்று எந்தத் தாயாவது எழுதுவாளா? எழுதுகிறேன் பார். டிக்கெட்டை ரத்து செய்துவிடு கண்ணே.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். உங்கள் குடியிருப்பில் மரங்களுக்குத் தோட்டக்காரர் என்ன போடுகிறார், குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மறக்காமல் விசாரி, கேட்க வெட்கப்படாதே. அடுத்த முறை போன் செய்யும்போது அப்பாவிடம் இதைப்பற்றி ஒன்றும் கேட்காதே. பேசச் சொல்லியும் வற்புறுத்தாதே. போனைக் குழந்தை பக்கத்தில் வைத்துவிடு, அவன் கத்தட்டும், இவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா