சுவர் குடித்த புகை

ஜனவரி 9

அன்புச் சின்னுவுக்கு,

எல்லோரும் நலம். உன்னை டிவியில் பார்த்தோம். சிமெண்ட் ஆலைகள் வெளியே விடுகிற கரியமில வாயுவில் ஒரு பங்கை, கட்டி நிற்கும் சுவர்களே வருடக்கணக்கில் உறிஞ்சிக்கொள்கின்றன, நாட்டின் புகைக் கணக்கில் இனி அதைக் கழிக்கலாம் என்றாய். உனக்கு விருது என்றார் அமைச்சர். "உன் தங்கச்சி எங்கேயோ போயிட்டா!" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? ஆலைச் சூளையோடு வேகிறவள் நான். உன் அறிக்கைப்படி நான் புகை விடும் பாவி, நீ புண்ணியவதி. சின்ன வயதிலும் பாலைக் கொட்டியது நான், துடைத்து நல்ல பெயர் வாங்கியது நீ.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உறையைப் பிரிக்கும்போதே கை சுட்டது! திட்டு, பரவாயில்லை. ஒரு உதவி மட்டும் செய். அறிக்கை அடுத்த மாதம் பரிசீலனைக் குழு முன் போகிறது. அதற்குள் ஆலைத் தரப்பில் ஒருவர் சரிபார்க்க வேண்டும். உன்னைவிட ஈவிரக்கமில்லாமல் யார் பார்ப்பார்கள்? நகல் இத்துடன்.

சின்னு

பிப்ரவரி 3

அடி சின்னு,

எல்லாச் சுவரையும் வெறும் சுவராக எண்ணிவிட்டாயே! பெயிண்ட் அடித்த சுவருக்குள் காற்று அவ்வளவு சுலபமாகப் போகுமா? எங்கள் ஆலைக் குடியிருப்பை இடிக்கிறார்கள். உடைந்த துண்டுகளில் மருந்து தெளித்துப் பார்த்தேன். வாயுவைக் குடித்த இடம் நிறம் மாறாது, குடிக்காத இடம் சிவக்கும். பெயிண்ட் அடித்த துண்டு ஏறக்குறைய ஓரம்வரை சிவந்துவிட்டது. நீ கழிக்கச் சொன்ன தொகையில் பாதி தேறினால் அதிகம்.

"மாட்டினாளா!" என்று குஷியில் இன்னொரு காபி போட்டுக் குடித்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் குழு உன்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடும். திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். சோறு இறங்கவில்லை. திருத்தித் தொலை.

அக்கா

பிப்ரவரி 18

அக்கா,

திருத்திவிட்டேன். தொகை சுருங்கியது, அமைச்சர் முகமும் சுருங்கியது. விருது கிடையாதாம். குழுக் கூட்டத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "என் கணக்குதான் தப்பு. எங்க அக்கா கண்டுபிடிச்சா" என்று எழுந்து சொன்னேன். சரிபார்த்தவர் என்று அறிக்கையில் உன் பெயர் இருக்கிறது.

சின்னு

பிப்ரவரி 27

சின்னு,

விருது போனதும் என் வயிறு குளிர்ந்திருக்க வேண்டாமா? குளிரவில்லையடி. சூளையில் தப்பு நடந்தால் நான் முதலில் அடுத்த ஷிப்ட்காரரைத்தான் கைகாட்டுவேன். நீ அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றிருக்கிறாய். இந்தப் பொறாமை முன்னதைவிட மோசம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். கதவைத் திறந்து வை.

உன் அக்கா