ஏழடிக்கு வெட்டிய ஆங்கிள்

மகளின் கணக்கு நோட்டு என் மடியில் இருக்கிறது, மாப்ளே. அதைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. ஒன்பதையும் பதினாறையும் கூட்டி, வர்க்கமூலம் காணச் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒன்பதுக்கு மூன்று, பதினாறுக்கு நான்கு என்று தனித்தனியே எடுத்துக் கூட்டி, ஏழு என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் பெரிய சுழி. கீழே, அப்பா பள்ளிக்கு வரவும்.

அப்பன் புத்தி அப்படியே இறங்கியிருக்கிறது.

திருச்செங்கோட்டில் நாம் லாரிக்கு பாடி கட்டிய பட்டறையில் நான் செய்ததும் இதே தப்புதானே? மூன்றடி உயரம், நான்கடி அகலம் உள்ள சட்டத்துக்கு மூலைக்கு மூலை ஆங்கிள் இரும்பு வைக்க வேண்டும். டேப் எடுக்கப் போன உன்னைத் தடுத்து, பத்தாவது பாஸான திமிரில் தரையில் கணக்குப் போட்டு ஏழடிக்கு வெட்டினேன். சட்டத்தைத் தாண்டி இரண்டடி துருத்திக்கொண்டு நின்றது. ஏழாவதோடு நின்றவன் நீ. சிரிக்காமல்தான் கேட்டாய்.

"ஏனுங்க மாப்ள, ஓரமா சுத்திப் போனாலும் ஏழு, குறுக்கே போனாலும் ஏழுன்னா, காட்டுல எவனாச்சும் குறுக்கால நடப்பானா?"

அன்று மதியம் சோறு ஆறிப்போக, ஒரே அளவுத் தகட்டுத் துண்டுகளைத் தரையில் அடுக்கினோம். ஒன்பது ஒரு சதுரம், பதினாறு ஒரு சதுரம். இரண்டையும் கலைத்து ஒன்றாக்கினால் ஐந்துக்கு ஐந்தாக உட்கார்ந்தது. முதலில் கூட்ட வேண்டும், பிறகுதான் மூலம். வாத்தியாரிடம் மூன்று வருடம் அடி வாங்கியும் ஏறாதது அன்றுதான் ஏறியது.

நீ போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. நேற்று பள்ளிக்கு நான் தனியாகத்தான் போனேன். பதினொன்றாம் வகுப்பில் கணக்கில்லாத பிரிவுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார் டீச்சர். உங்கள் குடும்பத்துக்கு அதுதான் சுலபம் என்றார். மகளோ கணக்குப் பிரிவுதான் வேண்டும் என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"இதே தப்ப நான் இரும்புல பண்ணுனேனுங்க டீச்சர். புள்ள பேப்பர்லதான பண்ணியிருக்கா, அழிச்சுக்கலாம். கையெழுத்துப் போடமாட்டேனுங்க."

ஃபெயிலானால் என்ன செய்வீர்கள் என்றார். அப்போதும் கூப்பிடுங்கள், வந்து இதையேதான் சொல்வேன் என்றேன்.

அங்கிருந்து மகளை நேராகப் பட்டறைக்குக் கூட்டிப்போய்த் துண்டுகளைக் கொட்டினேன். இருபத்தைந்தை ஒரே மூச்சில் அடுக்கிவிட்டாள். பிறகு இரண்டடிக்கு மூன்றடிச் சட்டம் என்றால் எப்படி என்று அவளே நாலையும் ஒன்பதையும் சேர்த்தாள். பதின்மூன்று துண்டு. எப்படித் திருப்பினாலும் சதுரமாகவில்லை.

"முழுசா வராதுங்கப்பா. வர்க்கமூலம் பதிமூணுன்னு குறிக்குள்ளயே வுட்டரோணும்."

நான் நம்பாமல் இரண்டடிக்கு மூன்றடியாகத் தரையில் கோடு போட்டுக் குறுக்கே டேப் பிடித்தேன். மூன்றடி ஏழங்குலம் இரண்டு நூல், அதற்கு மேலும் ஒரு முடியளவு. அந்த முடியை எந்த டேப்பும் சொல்லாது என்று அவள் சிரித்தாள். உனக்கும் எனக்கும் தெரியாத இடத்துக்கு அவள் போய்விட்டாள், மாப்ளே.

இன்று படிவத்தில் கணக்குப் பிரிவு என்று அவளே எழுதினாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். வர்க்கமூலக் குறியைக் கண்டால் எனக்கு இன்னும் பயம்தான். இருக்கட்டும். அவள் பக்கத்தில் நிற்பதற்குக் கணக்குத் தெரிய வேண்டுமா என்ன?