ஆறு பேருக்குச் சொதி

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து மேல்காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். மின்கட்டணம், மூக்குக் கண்ணாடிக்கு ஆணி, மகள் மதிக்குக் குடை. மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை.

மதுரையிலிருந்து செய்தி ஆசிரியர் போன். ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் வேண்டுமாம். நம் பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் விலை கூடிய ஓட்டல்கள், கொடுக்கிற காசுக்குத் தகுமா? மூன்று ஓட்டல். வெள்ளம், மணல், கோர்ட் என்று முப்பத்தொரு வருடம் எழுதியவனிடம் இது. "அதனாலதான் உங்களைக் கேக்குறேன். ஆஹா ஓஹோன்னு எழுத எங்கிட்ட ஆள் இருக்கு" என்றார்.

அவர் சொன்ன விதிகள், அப்படியே:
1. யாரென்று காட்டிக்கொள்ளக் கூடாது.
2. நாமே பணம் கொடுக்க வேண்டும். வேறு யாரையும் கொடுக்க விடக் கூடாது.
3. அந்த ஓட்டல் எதைப் பெருமையாகச் சொல்கிறதோ அதைச் சாப்பிடாமல் எழுதக் கூடாது.

இத்தனை வருடம் எந்த வீட்டில், எந்த அலுவலகத்தில் தட்டை நீட்டினாலும் எனக்கு ஒரே பதில்: இப்பதான் சாப்பிட்டேன். பாதி நாள் பொய். இனி சாப்பிடுவதுதான் வேலை.

ஜூன் 14, சனி

முதல் ஓட்டல். வண்ணார்பேட்டை. மனைவி கோமு கூட வந்தாள். தட்டு வண்டிச் சக்கரம் அளவு. நடுவில் நான்கு பனீர்த் துண்டு, ஓரத்தில் பச்சையாக ஒரு தீற்றல். அழுக்கு என்று நினைத்து கோமு காகிதத்தால் துடைத்துவிட்டாள். அது சட்னி.

பக்கத்து மேசையில் கல்லூரிப் பையன்கள். ஒருவன் மெனுவைத் தலைகீழாகப் பிடித்து, "ஏலே, இதுல சோறு எங்கன இருக்கு?" இன்னொருவன்: "பைய பேசுல. கேட்டா அதுக்கும் காசு போடுவான்."

குறிப்பு: தகாது. ஆனால் நாற்காலி நல்ல நாற்காலி. கோமுவுக்கு முதுகு வலிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

இரண்டாவது, பாபநாசம் போகும் வழியில் ஆற்றோரம் ஒரு சொகுசு விடுதி. தனியாகப் போனேன். மலையில் சாரல். கூரையில்லாத மேசையைத்தான் முதலில் காட்டினார்கள். ஆற்றைப் பார்த்துக்கொண்டே பாட்டில் தண்ணீர் குடித்தேன். சாதாரணத் தண்ணீர் கேட்டதற்கு அந்தப் பெண் வருத்தமாகத் தலையாட்டினாள். "இங்க ஆத்துத் தண்ணி குடுக்கக் கூடாது சார். எங்க வீட்ல அதான் குடிக்கோம்."

ஒருவர் மனைவியின் பிறந்தநாளுக்குக் கூட்டி வந்திருந்தார். ஒவ்வொரு தட்டையும் படம் எடுத்து முடிக்கும்போது எல்லாம் ஆறிவிட்டது. அந்த அம்மாள் கடைசிவரை சிரித்த முகம். வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரோ.

குறிப்பு: காளான் நன்று. தகுமா என்ற கேள்வியை அந்த அம்மாளிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

மதி விஷயம். எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லிவிடாமல் இருக்க.

மதிக்கு இருபத்தெட்டு. சேரன்மகாதேவியில் வங்கி வேலை. தினமும் பஸ். டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நெல்லைநாயகம் அண்ணாச்சியின் மகன் சங்கர், பெங்களூரில். ஜாதகம் பொருந்தியிருக்கிறது. இன்று அண்ணாச்சி போன் செய்தார். "வீட்டுக்கு வந்து பாத்தா பஜ்ஜி, கேசரி, அக்கம்பக்கம்னு ஆயிரும். பொதுவா ஒரு ஓட்டல்ல வச்சுச் சாப்பிட்டுப் பிரிஞ்சிருவோம். பிள்ளையளும் கூச்சமில்லாமப் பேசும். இடத்தை நீங்களே சொல்லுங்க." நல்ல யோசனை. ஓட்டலில் சாப்பிட்டால் கை நனைத்ததாக ஆகாது. பேசி முடிக்காமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மதி சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை: "ஒரு தடவை பாக்கச் சொன்னீங்க, வாரேன். ஆனா எனக்கு இது வேண்டாம்னுதான் இருக்கு. காரணம் கேக்காதீங்கப்பா. அந்தப் பையன்கிட்ட நானே பக்குவமா சொல்லிருதேன். அதுக்குள்ள பேசி முடிச்ச மாதிரி எதுவும் ஆயிரக் கூடாது. அது உங்க பொறுப்பு."

சரி என்றேன்.

ஜூன் 19, வியாழன்

மூன்றாவது ஓட்டல் பாக்கி. பைபாஸில் புதுக் கட்டடம், ஒன்பதாவது மாடி. அண்ணாச்சி வீட்டாரோடு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொண்டால் என்ன? ஒரே பயணத்தில் இரண்டு வேலை. ஆறு பேருடன் போனால் யாருக்கும் சந்தேகமும் வராது.

கோமு: "ஏங்க, பிள்ளை காரியத்துக்குப் போற இடத்துல உங்க பத்திரிகை வேலையா?"

நான்: "யாருக்குத் தெரியப் போகுது?"

மேசைக்குச் சொல்லியாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

காற்று பலம். கீழே மணல் கண்ணில் விழுகிறது. மேலே போனால் சத்தமே இல்லை. மூன்று பக்கமும் கண்ணாடி, ஒரு ஜன்னல்கூடத் திறக்காது. கொக்கிரகுளம் பாலம், ஆறு, மரங்கள் ஆடுவது, எல்லாம் தெரிகிறது. இலை அசையும் ஓசை இல்லாமல் மரம் ஆடுவதைப் பார்க்க எனக்குத் தலை சுற்றிற்று.

நடந்ததை வரிசையாக:

அண்ணாச்சி, அவர் மனைவி, சங்கர், நாங்கள் மூவர். அறிமுகம். சங்கர் அடக்கமான பையன். மதியும் அவனும் மேசையின் அந்தக் கோடியில். மதி இன்னும் பேச்சை எடுக்கவில்லை.

பரிமாறும் பையன் வடக்கே எங்கோ இருந்து வந்தவன். இந்த ஓட்டலின் பெருமை என்று ஒரு தொகுப்புச் சாப்பாட்டைக் காட்டினான். தேங்காய்ப்பால் குழம்பான நம்மூர்ச் சொதி, புது முறையில். கூட இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு. விதி 3 ஞாபகம் வந்தது. எனக்கு மட்டும் ஒன்று என்றேன். "ஒன்லி ஃபார் ஹோல் டேபிள், சார்." மேசைக்கு மொத்தமாக மட்டும்தானாம். அப்படியானால் ஆறு என்றேன்.

கோமு என் முழங்காலைக் கிள்ளினாள். விலைக்காகக் கிள்ளுகிறாள் என்று எண்ணினேன்.

வந்தது. கறுப்புக் கல் கிண்ணம், அடியில் ஆறு ஸ்பூன் சொதி, மேலே ஒரு பூ. இஞ்சிப் பச்சடி சதுரமாக, அல்வா போல. அண்ணாச்சி கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் முகத்தில் ஒரு மலர்ச்சி. அதை நான் சாப்பாட்டுக்கு என்று குறித்துக்கொண்டேன். நோட்டில் இருக்கிறது: 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி.'

"ரொம்ப நல்லாருக்கு. அமிர்தம்" என்றார் அண்ணாச்சி. இரண்டு முறை.

ரசீது வந்தது. அவர் கை நீட்டினார். விதி 2. கிட்டத்தட்டப் பிடுங்கினேன். "இல்ல அண்ணாச்சி, இது எங்க செலவுதான். நாங்கதான் குடுக்கணும்."

அந்த அம்மாள் மதி பக்கம் திரும்பிக் கன்னத்தைத் தொட்டார். "உங்கப்பா வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலம்மா. சொதியப் போட்டுச் சொல்லிட்டாரு. பத்திரிகைக்காரரு பாரேன், எவ்வளவு நாசுக்கு!"

அண்ணாச்சி சிரித்தார். "மறுவீட்டுச் சாப்பாடே முடிஞ்சிட்டு. இனி கல்யாணந்தான் பாக்கி."

எங்கள் பக்கம் சொதி கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுக்கு. பெண் வீட்டார் செலவில், மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துப் போடுவது. சும்மா ஒரு நாள் நம் வீட்டில் நாம் வைத்துச் சாப்பிடும் சொதி வேறு. இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கே போட்டிருக்கிறார்கள், கோமு வீட்டில், இலை நிறைய. அப்படியும் ஒன்பதாவது மாடியில் அது எனக்கு மெனுவில் ஒரு வரியாகத்தான் தெரிந்தது.

மறுக்க வாய் திறந்தேன். சங்கர் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வது? பத்திரிகைக்காகச் சாப்பிட்டேன் என்றா? பரிமாறுபவன் பக்கத்திலேயே நிற்கிறான். விதி 1.

மதி எழுந்து கை கழுவப் போனாள். திரும்பி வர வெகு நேரம். லிஃப்டில் ஆறு பேரும் நெருக்கி நின்று ஒன்பது மாடி இறங்கினோம். யாரோ போட்டிருந்த ஜவ்வாது வாசனை. கதவு திறக்குமா என்று இருந்தது.

அதே நாள், மாலை

ஆறு போன். கோமுவின் தம்பி நாங்குநேரியிலிருந்து: "சொதி போட்டாச்சாமே அத்தான், எங்களுக்குச் சொல்லவே இல்ல!" இன்னொருவர் ஆவணியில் மண்டபம் கிடைக்காது, இப்போதே பிடி என்கிறார். அண்ணாச்சி வீட்டிலிருந்து சேலை எந்த நிறம் என்று கேட்டு வந்தது. கோமுதான் எடுத்தாள். பாப்போம், சொல்லுதேன் என்று வைத்துவிட்டாள்.

மதி அறைக்கதவு சாத்தியிருக்கிறது.

கதவுக்கு வெளியே நின்று, "மதி, அது வேலைக்காகம்மா" என்றேன்.

உள்ளிருந்து: "தெரியும்பா. நீங்க ஆர்டர் பண்ணும்போதே தெரியும். நோட்டை வேற எடுத்தீங்க."

கதவருகே வந்து: "நான் சொல்ல வந்ததை இனி எப்படிச் சொல்லுவேன்? அந்தம்மா கன்னத்தைத் தொட்டுட்டாங்க."

ஜூன் 23, திங்கள்

மதி ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். காபி குடிக்கவில்லை. காற்று நின்று புழுக்கம்.

செய்தி ஆசிரியர்: புதன்கிழமைக்குள் கட்டுரை. உட்கார்ந்தேன். முதல் ஓட்டலுக்கு ஒரு பத்தி, இரண்டாவதுக்கு ஒரு பத்தி, சரியாக வந்தன. மூன்றாவதுக்கு நோட்டைப் புரட்டினேன். கண்ணாடி, கறுப்புக் கல், பூ, 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி'. உப்பு இருந்ததா, தேங்காய்ப்பால் புதிதா, எலுமிச்சை விட்டார்களா, ஒன்றும் இல்லை. ஒன்றும் ஞாபகமும் இல்லை.

தெருவில் இறங்கினால் எதிர்வீட்டு ஆசிரியர் கை கொடுக்கிறார். பால்காரர் கை கொடுக்கிறார். மாடிக்குப் போய் நின்றேன். அங்கேயும் பக்கத்து வீட்டு அம்மாள்: "என்ன அண்ணாச்சி, சாப்பாடு ஒன்பதாவது மாடியிலயாமே!"

கோமு: "நான் கிள்ளினேன்லா? கிள்ளினேன்லா?" இதோடு பதினோராவது முறை.

ஜூன் 24, செவ்வாய்

போனில் சொல்லலாமா என்று காலை முழுதும் யோசனை. கூடாது. எவ்வளவு கெட்ட செய்தியானாலும் நேரில் போய்க் கேட்டு எழுதியவன். சொல்வதற்கும் நேரில்தான் போக வேண்டும்.

மாலை டவுன். தேருக்குப் பந்தக்கால், தெருவெல்லாம் அடைசல். அண்ணாச்சி வீட்டு முன்னறையில் அவர் மட்டும். சங்கர் பெங்களூருக்குத் திரும்பிவிட்டான். அந்த அம்மாள் என் குரல் கேட்டதும் உள்ளேயிருந்து, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்!"

"இப்பதான் சாப்பிட்டேன்" என்றேன். பழக்கம்.

பிறகு சொன்னேன். பத்திரிகை, மூன்று ஓட்டல், மூன்று விதி, மேசைக்கு மொத்தமாக. மதி சொன்னதையும். எதையும் விடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை வேண்டாம்னு எப்போ சொல்லிச்சு?"

"போன செவ்வாய்க்கிழமை."

"ஓட்டலுக்கு முன்னாலயா பின்னாலயா?"

"முன்னால."

"பிறகு எதுக்கு வே எங்களை அங்க வரச் சொன்னீரு?" இதுவரை நீங்க. இப்போதுதான் நீரு.

"மூணாவது ஓட்டல் பாக்கி இருந்துது, அண்ணாச்சி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அந்த அம்மாள் கேட்டுவிட்டார் போல.

"பாத்திரக்கடையில முப்பது வருசமா மறுவீட்டுச் சொதிக்கு உருளி குடுத்து விடுதேன்" என்றார். "இருநூறு பேருக்கு, முந்நூறு பேருக்கு. அவன் ஆறு ஸ்பூன் வச்சான். அதுலயும் டப்பாப் பாலு. வாயில வைக்க முடியல. சம்பந்தி போட்டதுன்னு அமிர்தம்னேன்." வாசல் வரை வந்தார். "எழுதும். ஆனா என் பேரு வரக் கூடாது."

திண்டாடித்தான் வண்டியை எடுத்தேன். சாவி வண்டியிலேயே இருந்தது, சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 25, புதன்

லேசான தூறல். மதி காபி குடித்தாள். அண்ணாச்சி சொன்னதை எல்லாம் சொன்னேன். சங்கருக்கு அவளே ஒரு செய்தி அனுப்பினாளாம். பதில் வரவில்லையாம். கோமுவின் தம்பி இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

கட்டுரை போயிற்று. மூன்றாவது ஓட்டலுக்கு நான்கு வரி: கட்டடம், கண்ணாடி, விலை. 'டப்பாப் பால்' என்று எழுதி அடித்தேன். அது அண்ணாச்சியின் நாக்கு, என்னுடையது அல்ல.

ஜூன் 26, வியாழன்

செய்தி ஆசிரியர் போன். "ரெண்டும் பிரமாதம். மூணாவதுல ருசியே இல்லையே? அதுதான் பெரிய ஓட்டல். நாளைக்கு இன்னொரு தடவை போயிட்டு வந்து எழுதுங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஓட்டலுக்குக் கூப்பிட்டேன். அந்தச் சாப்பாடு தனி ஆளுக்குக் கிடைக்காது, குறைந்தது இருவர் வேண்டும் என்றார்கள். கோமு, அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மதி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் வாரேன்பா. ஆர்டர் நான்தான் பண்ணுவேன்."