அக்காவிடம் கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை.

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போக அக்கா போனில், ஆன்லைன் வகுப்பில் ஜெர்மன் படிக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கட்டியே எனக்கும் பாடம் ஏறிவிட்டது. இன்று மிஸ் அவளிடம்தான் கேட்டார், "பிளாமீரன் எங்கிருந்து வந்த சொல்?"

அக்கா முழித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பிரெஞ்சுலருந்து மிஸ். அங்க அடுத்தவங்களக் குறை சொல்றது. ஜெர்மன்ல, நாலு பேர் முன்னால ஒருத்தர அவமானப்படுத்துறது."

"சரியாச் சொன்னம்மா. யாரு நீ?"

அக்காதான் பதில் சொன்னாள். "தங்கச்சி மிஸ். எட்டாவதோட நின்னவ."

வகுப்பே சிரித்தது. அக்கா போனை அணைத்தாள்.

"நீயே போயிருடி ஜெர்மனிக்கு. இனி நான் கிளாஸ்ல உக்கார மாட்டேன்."

சாப்பிடவும் இல்லை. மன்னிப்புக் கேட்கப் போய் அவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். மிஸ் பாராட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.