தெருப் பக்கம் திரும்பிய கதவுகள்

அக்கா,

நேற்று பரணை ஒழித்தபோது பழைய வரைபடச் சுருள் ஒன்று கிடைத்தது. விரித்தால் நடுவில் மீன் எண்ணெய்க் கறை, உங்கள் விரல் அகலத்துக்கு. நீங்கள் கண்ணை மூடி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் உங்கள் குடிசைகளை எடுத்துவிட்டு அங்கேயே அரசாங்க மாடி வீடுகள் கட்ட இருந்தார்கள். வரைபடம் போட்டவன் நான், வேலைக்குப் புதுசு. மீன் கூடையை அலுவலக வாசலில் இறக்கிவிட்டு நேராக என் மேசைக்கு வந்தீர்கள். எது வீடு, எது ரோடு என்று கேட்டு, விரலை வைத்தீர்கள்.

"இன்னா தம்பி, வூடெல்லாம் ரோட்டுக்கு முதுக காட்டிக்கினு கீது?"

லாரி ஓடும் சாலை, பிள்ளைகளின் பாதுகாப்புக்குத்தான் சுவர் என்றேன்.

"சுவரா கொயந்தய பாத்துக்கும்?"

அதற்குள் எங்கள் பொறியாளரே வந்துவிட்டார். "பிளான் கையெழுத்தாயிடுச்சு, போம்மா." நீங்கள் நகரவில்லை. "ஒரு நாள் காலைல எங்க தெருவுல வந்து குந்து சார். அப்பால உன் இஷ்டம்." அவர் என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

மறுநாள் உங்கள் வாசலில் ஸ்டூல் போட்டு அவரை உட்காரவைத்தீர்கள்; நான் பக்கத்தில் நின்றேன். எதிரே வலை பின்னுகிறவர், பக்கத்தில் ஆப்பக்கடை, குறுக்குச் சந்தில் துறைமுக வேலைக்குப் போகும் கூட்டம். பொறியாளர் பாதி டீ குடித்திருப்பார். குழந்தை ஒன்று தத்தித் தத்தித் தெருமுனைக்குப் போய்விட்டது. லாரி வந்துகொண்டிருந்தது. அவர் எழுவதற்குள் நாலு வாசல்களிலிருந்து குரல்: "லாரி வர்து! கொயந்தய புடி!" ஆப்பக்கடைக்காரர் கரண்டியோடு பாய்ந்து தூக்கிவிட்டார். அது அவர் பிள்ளையும் இல்லை.

அலுவலகம் திரும்பியதும் பொறியாளர் என்னிடம் சொன்னார்: "கதவையெல்லாம் தெருப் பக்கம் திருப்பு. குறுக்குச் சந்துகளை அடைக்காதே. கீழே கடைகளுக்கு இடம் விடு." மேலிடத்தோடு சண்டை போட்டதும் அவர்தான். மாதக்கணக்கில் போட்டார், ஜெயித்தார்.

குடியேறிய அன்று சாயங்காலம் ஆப்பச் சட்டி காய்ந்தது, கேரம் பலகை வாசலுக்கு வந்தது, மாடிப் பெண்கள் தெருவில் போகிறவர்களை நிறுத்திக் கதை பேசினார்கள். நீங்கள் நடுத்தெருவில் இடுப்பில் கைவைத்து நின்று கத்தினீர்கள்: "தோ பார் தம்பி, தெரு உசுரோட கீது!" மாடியிலிருந்து விசில் பறந்தது. நானும் அடித்தேன், அக்கா, அரசாங்க வேலைக்காரன் என்பதையே மறந்து.

அதன் பிறகு திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் எத்தனையோ தெருக்கள் வரைந்தேன். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு வாசலைப் போட்டு, அங்கே உட்கார்ந்தால் யார் யார் கண்ணில் படுவார்கள் என்று பார்ப்பேன். யாரும் படவில்லையென்றால், எவர் கையெழுத்து இருந்தாலும் சரி, அழித்துவிட்டு மறுபடி வரைவேன்.