கொக்குக்குண்டில் இட்ட விலைச்சோறு

நலம் பெருகுக. ஏழாற்று நாட்டின் கரைகளைக் காப்பவளும், நாரை இலச்சினை உடையவளும், தன் குடிகள் உண்ட பின்னரே கை நனைக்கும் நோன்பினளுமாகிய இளநீலிப் பெருந்தேவி, கொன்றைவேலி ஊரில் ஏர் பிடிப்பார்க்கும், அவர் மனைக்கு விளக்கேற்றுவார்க்கும், இன்னும் பேச்சு வராத குழவிகளுக்கும் எழுதுவித்த ஓலை. உங்கள் மதகுகள் உறுதியாயிருக்க. உங்கள் கன்றுகள் தாய்மடி மறக்காதிருக்க.

நீங்கள் விடுத்த ஓலை வந்தது. பட்டினத்து மனைவணிகர் உங்கள் தாழ்ந்த வயலான பள்ளச்செய்யைக் கேட்டு நிற்கிறார்கள் என்றும், அங்கே நூறு வீடு எழுப்பப் போகிறார்கள் என்றும், வரும் தைத் திங்கள் முழுநிலவன்று விலைச்சோறு இட நாள் குறித்தாயிற்று என்றும், கொடுக்கலாமா கூடாதா என்று தேவியே ஒரு சொல் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

சொல்கிறோம். அதற்கு முன் அருகே வந்து அமருங்கள். காது மந்தமானவர் ஓலை வாசிப்பவன் முழங்காலை ஒட்டி உட்காரட்டும். பிள்ளையை மடியில் வைத்திருப்பவள் நிழலுக்கு வரட்டும். கட்டளை எங்கும் போய்விடாது, கடைசியில் வரும். முதலில் ஒரு கதை தருகிறோம். தாழைமடுவூரில் நடந்தது. கேட்டு முடித்த பிறகு எங்கள் மேல் கோபம் வந்தால் வரட்டும்.

தாழைமடுவூரில் காரிநங்கை என்றொருத்தி. அவள் நிலத்துக்குக் கொக்குக்குண்டு என்று பெயர். ஊரிலேயே தாழ்ந்த வயல் அதுதான். சுற்றியுள்ள எட்டு வயலின் மிகுநீரும் அடைமழைக் காலத்தில் அங்கேதான் இறங்கும். நாலு நாள் தங்கி இளைப்பாறி, பிறகு ஓடைக்குப் போகும். அதனால் அவள் மடுமுழுங்கி நெல் ஒன்றைத்தான் விதைப்பாள். தலைக்கு மேல் நீர் நின்றாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நெல் அது. ஆண்டுக்கு ஒரு போகம். அவளும் அந்த நெல்லைப் போலத்தான், கணவன் போன பின்னும் நின்றாள்.

அவளுக்கு ஒரே மகன், பொற்கூத்தன். பட்டினத்தில் கப்பல் பாய் தைத்து வந்தான். மனைவியும் இரட்டைக் குழந்தைகளுமாகப் பண்டசாலையின் படிக்கட்டுக்கு அடியில் குடியிருந்தான். மேலே மூட்டை தூக்குவோர் ஏறி இறங்கும்போதெல்லாம் குழந்தைகளின் கண்ணில் தூசி விழும். அந்தப் பங்குனியில் மனைவணிகர் ஊருக்கு வந்து, காய்ந்து வெடித்துக் கிடந்த கொக்குக்குண்டைக் கயிறு போட்டு அளந்து, இங்கே நூற்றிருபது வீடு வரும், நிலம் தந்தவளுக்கு அதில் முதல் வீடு என்றார்கள். பொற்கூத்தன் தாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைகளைக் கொண்டுவந்து காட்டினான், அவ்வளவுதான். இரண்டுக்கும் கண் சிவந்திருந்தது.

மகனிடம் கூடாதென்று சொல்லக் காரிநங்கைக்கு வாய் வரவில்லை. ஆகட்டும் என்றாள். சொன்ன கணமே அவள் மனத்துக்குள் ஒரு கணக்கும் ஓடிற்று. விலைச்சோறு இருக்கிறதே.

நம் நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆயினும் இளையவர் கேட்கச் சொல்கிறோம். நிலம் விற்பவர் அந்நிலத்தின் கடைசி விளைச்சலைத் தம் கையால் சமைத்து, எல்லை ஒட்டிய எட்டு வயலாரையும் வரப்பில் அமர்த்திப் பரிமாற வேண்டும். ஒன்பதாம் இலை அரசுக்கு. உண்டால் இசைவு. ஒன்பதில் ஓர் இலையேனும் தொடப்படாமல் மடிக்கப்பட்டால் விற்பனை ஓராண்டு நிற்கும். ஏன் என்று எவரும் கேட்கலாகாது. நம் முன்னோர் நல்லதென்று எண்ணியே வைத்தார்கள்.

எட்டு வயலார் இருக்கிறார்கள். அத்தனை பேர் வெள்ளமும் தன் நிலத்தில்தான் இறங்குகிறது. ஒருவராவது இலையை மடிக்காமலா போவார் என்பது காரிநங்கையின் நம்பிக்கை. அதிலும் மேலண்டை வயல் சேந்தன் அரையன் கட்டாயம் எழுந்துவிடுவார். வரப்பில் நண்டு வளை கண்டாலே ஊரைக் கூட்டுகிற மனிதர். அவர் மடித்துவிட்டால் மகனிடம், நான் கொடுத்தேனப்பா, ஊர் விடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்படி எண்ணிக்கொண்டுதான் உலை வைத்தாள். ஒரு முறை உப்புச் சட்டிக்குள் கையை விட்டு ஒரு கை நிறைய அள்ளினாளாம். குழம்பின் மேல் நீட்டியும் விட்டாள். ஆனால் முப்பதாண்டு சமைத்த கை அது. சோற்றைக் கெடுக்க அதற்குத் தெரியவில்லை. உப்பு சட்டிக்கே திரும்பிற்று. மடுமுழுங்கிச் சோறும், மிளகிட்ட மோர்க்குழம்பும், புளி கரைத்த கருணைக்கிழங்கு மசியலும் வரப்பெல்லாம் மணத்தன.

எட்டுப் பேரும் வந்து அமர்ந்தார்கள். எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. தென்னண்டை வயல் உடையாள் வாய் சும்மா இருக்காதவள். முதற்கவளம் உள்ளே போனதும், “அக்கா, இந்த மசியலுக்காகவே நீ வருசத்துக்கொரு நெலம் விக்கணும் போ!” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். காரிநங்கையும் சிரித்தாள்; சிரித்தபடியே மேலண்டை இலையைப் பார்த்தாள். சேந்தன் அரையன் சோற்றில் கை வைக்காமல் வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு அவர் நிமிர்ந்து, “குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து தாயி” என்றார்.

ஊற்றினாள். குழம்பு இலை தாண்டி அவர் மணிக்கட்டில் சிந்திற்று. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் இலையில் அமர்ந்தவன் நம் நிலநாயகன் மாறங்காடன். கோடையில் வந்தவன், காய்ந்த நிலத்தையும் நிறைந்த இலைகளையும் கண்டான். எட்டுப் பேர் உண்ட பின் நான் மறுக்க யார் என்று உண்டான். அவன் நம் பொருட்டு உண்டவன். ஆகவே, பிள்ளைகளே, அங்கே உண்டது நாம்.

வீடுகள் எழுந்தன. குறை சொல்ல முடியாது, நல்ல செங்கல், நல்ல கூரை. மண்ணடித்து ஆள் உயரம் மேடாக்கியே கட்டினார்கள். பொற்கூத்தனின் வீட்டில் குழந்தைகளின் கண் தெளிந்தது. காரிநங்கையும் அங்கே போய்ச் சேர்ந்தாள். புரட்டாசி வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் எட்டு வயலின் நீரும் வழக்கம்போல் கொக்குக்குண்டைத் தேடி வந்தது. அங்கே கொக்குக்குண்டு இல்லை. மேட்டில் முட்டி, திரும்பி, வந்த வழியே வயல்களில் ஏறி, பத்தொன்பது நாள் நின்றது. எட்டு வயலிலும் இருந்தது மேட்டு நெல்; மூச்சுப் பிடிக்கத் தெரியாத நெல். அழுகிற்று. இருபதாம் நாள் மேட்டின் மண் கரைந்து, தெருக்களுக்குள்ளும் நீர் புகுந்தது. காரிநங்கை அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். கதவைத் திறந்தால் ஊரின் அழுகிய பயிர் நாற்றம் உள்ளே வரும். மூடினால் குழந்தைகளுக்குப் புழுங்கும். திறப்பதா மூடுவதா என்று தாழ்ப்பாளில் கை வைத்தபடியே அவள் நின்றிருந்ததை அயலார் பார்த்திருக்கிறார்கள்.

மறு ஆண்டும் அப்படியே. மூன்றாம் ஆண்டு சேந்தன் அரையன் தம் வயலை அதே வணிகர்க்கு விற்கப் புறப்பட்டார். அவருடைய விலைச்சோற்றுக்கு அவர் வயலின் நெல் ஒரு படியும் இல்லை. சந்தையிலிருந்து வாங்கிய அரிசியில் பொங்கினார். எல்லை ஒட்டிய வீட்டுக்காரி என்ற முறையில் காரிநங்கைக்கும் ஓர் இலை விழுந்தது.

இலைமுன் அமர்ந்தாள். இப்போது மடித்துவிட வேண்டும் என்று கையும் எழுந்தது. மடித்தால் என்ன ஆகும்? விளையாத வயலை வைத்துக்கொண்டு அந்த மனிதர் இன்னும் ஓராண்டு பட்டினி கிடப்பார். அவர் வயலை மூழ்கடித்ததோ அவள் கொடுத்த மேடு. உண்டாள். ஒவ்வொரு பருக்கையையும் உண்டாள்.

எல்லாரும் எழுந்து போன பின் சேந்தனும் காரிநங்கையும்தான் வரப்பில் இருந்தார்கள். அவர்கள் பேசியதை மாறங்காடன் அப்பால் நின்று கேட்டிருக்கிறான். கேட்டதைக் கேட்டபடியே நமக்குச் சொன்னான். அலங்கரிக்க நமக்கும் மனமில்லை.

“அன்னைக்கு நீ ஒரு கை உப்பை அள்ளிக் கொட்டியிருந்தா எந்திரிச்சிருப்பேன் தாயி” என்றார் சேந்தன்.

“நீங்க எந்திரிப்பீங்கன்னு நம்பித்தாண்ணே சமைச்சேன்.”

“நானா? உடையா எந்திரிப்பான்னுல்ல நான் இருந்தேன். அவ பாத்தா சிரிக்கிறா.”

“அவளும் உங்களப் பாத்துக்கிட்டுத்தான் சிரிச்சிருக்கா.”

பிறகு அவர் சொன்னாராம்: “மகன்கிட்ட போறேங்கிற. ஆசையா சமைச்சுப் போடுற. அந்த இலைய எப்படித் தாயி மடிக்கிறது?”

காரிநங்கை எழுந்தாள். அவர் எச்சில் இலையையும் தன் இலையையும் சேர்த்தெடுத்துக்கொண்டு போனாள். இன்று அவ்வூரில் எட்டு வயலும் இல்லை. ஓடை எது, தெரு எது என்று ஐப்பசியில் எவருக்கும் தெரிவதில்லை. அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மழை இருட்டினால் முதலில் அடுப்பைத் தூக்குகிறாள். அவளுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மேட்டை வெட்டலாம் என்றால் அதன்மேல் நூற்றிருபது குடும்பம் உறங்குகிறது.

கதை அவ்வளவுதான்.

கொன்றைவேலி மக்களே, கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டீர்கள். கொடுக்காதே என்று எழுத எழுத்தாணியை எடுத்தோம். படிக்கட்டுக்கு அடியில் தூசி விழும் கண்கள் நினைவுக்கு வந்தன. கொடு என்று எழுத எடுத்தோம். அழுகிய நெல் நாறிற்று. உங்கள் பள்ளச்செய்யில் எவர் வீட்டுத் தண்ணீர் வந்து இறங்குகிறதென்று உங்களுக்குத் தெரியும், எமக்குத் தெரியாது. எமக்குத் தெரிந்தது ஒன்றுதான். சோற்றின் முன் நம் மக்கள் வாய் திறக்க மாட்டார்கள். நாமும் திறக்கவில்லை.

ஆதலால் இது கட்டளை. இனி ஏழாற்று நாட்டில் எந்நிலம் விற்பதாயினும், உலை ஏறுவதற்கு முன், அடைமழை பெய்யும் ஒரு பகலில், எட்டு வயலாரும் அந்நிலத்தில் இறங்கி நிற்க. நின்று, தத்தம் நீர் எங்கே போகும் என்று கை நீட்டிக் காட்டுக. காட்டிய பின் வேண்டும், வேண்டா என்பதை விற்பவள் முகம் பார்த்துச் சொல்லுக. அனைவரும் வேண்டும் என்ற பின்னரே அடுப்பு மூட்டுக. தை முழுநிலவுக்குக் குறித்த உங்கள் விலைச்சோறு வரும் ஐப்பசி காணும்வரை நிறுத்தப்பட்டது. அன்று முதலாவதாய்ச் சேற்றில் இறங்குபவன் இவ்வோலை கொண்டுவரும் மாறங்காடன். அவனைத் திட்டாதீர்கள். தாழைமடுவூரை நினைத்து அவன் இன்றுவரை மோர்க்குழம்பு தொடுவதில்லை.

நீங்கள் வாய் திறப்பீர்கள் என்ற நம்பிக்கை எமக்குப் பெரிதாக இல்லை. இருந்தும் எழுதினோம்.

நாரை இலச்சினை இட்டோம். ஆணை நிலைக்க. இதைக் கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு தரையிலேயே இருக்கட்டும். உங்கள் வாசலில் நிற்கும் நீர், காலையில் கோலமிடுமுன் நீங்கள் தெளிக்கும் நீராக மட்டுமே இருக்கட்டும்.