மாமா என்று கூப்பிட்டவள்

ஐப்பசி, வியாழன் இரவு

இன்று பாபநாசம் சாலையில் வாகனச் சோதனை. எங்களைப் பார்த்ததும் பைக்கில் வந்த பையன்கள், "மாமா நிக்கிறாருடா!" என்று கத்திவிட்டுத் திரும்பிப் பறந்தார்கள். புதிதாக வந்த கான்ஸ்டபிளுக்குக் கோபம்.

"போலீசுக்கு ஏன் ஏட்டய்யா இந்தப் பேரு?"

"மாமூல்தான் சுருங்கி மாமா ஆச்சுங்கிறாங்க. புள்ளைங்க 'போலீஸ் மாமா'ன்னு கூப்பிட்டதுலேருந்து வந்ததுன்னும் சொல்றாங்க. யாரு கண்டா?" என்றேன்.

அடுத்து, ஹெல்மெட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து நின்றாள். என்னைப் பார்த்து "மாமா" என்றாள்.

"யாரைப் பார்த்து மாமாங்கிற?" என்று கான்ஸ்டபிள் பாய்ந்தான்.

"நான் செல்வி மக, மாமா. அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்."

செல்வி என் தங்கை. அப்பாவின் நிலத்தைப் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. இந்தப் பெண்ணைப் பாவாடை சட்டையில் பார்த்ததுதான்.

"உங்களைப் பார்த்தேன்னு அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஹெல்மெட் போட்டுட்டுப் போம்மா" என்று மட்டும் சொன்னேன். போய்விட்டாள்.

எந்த ஆஸ்பத்திரி என்றாவது கேட்டிருக்கலாம். குவார்ட்டர்ஸில் இதைச் சொல்லக்கூட ஆளில்லை. நாளை சாதாரணச் சட்டையில் செல்வி வீட்டுக்குப் போகப்போகிறேன். கதவைத் திறப்பாளா, தெரியவில்லை.